நியூயார்க்கில் வாடகை வீடு: ஸ்டெபிலைஸ்டு வீடா, சந்தை வாடகை வீடா?

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஏழாம் எண் ரயில் செல்லும் தடத்தை ஒட்டியே வீடு தேடினோம். இறுதியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று லாங் ஐலண்ட் சிட்டியில் புதிதாக எழுந்த அடுக்குமாடிக் கட்டடத்தில், சந்தை வாடகைக்குக் கிடைத்தது. மற்றொன்று அதற்குச் சில நிலையங்கள் தள்ளி, சன்னிசைடில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய ஆறு மாடிச் செங்கல் கட்டடத்தில் இருந்த ரென்ட் ஸ்டெபிலைஸ்டு வீடு, அதாவது வாடகை உயர்வுக்குச் சட்டப்படி வரம்பு உள்ள வீடு. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். அதே தேர்வை எதிர்கொள்ளும் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ளவர்களுக்கு, இன்றும் அதையே பரிந்துரைப்பேன்.

பொதுவாக, 1974 ஜனவரி 1-க்கு முன் கட்டப்பட்டு, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட கட்டடங்கள் ஸ்டெபிலைஸ்டு முறையின் கீழ் வருகின்றன. 1969-இல் தொடங்கிய இம்முறையில் இன்று சுமார் 10 லட்சம் வீடுகள் இருக்கின்றன. பழைய கட்டடம் என்பதாலேயே உள்ளிருக்கும் எல்லா வீடுகளும் ஸ்டெபிலைஸ்டு ஆகிவிடா. 2019-க்கு முன்பு இருந்த விதிகளின்படி பல வீடுகள் இம்முறையிலிருந்து வெளியேறிவிட்டன.

வசதிகளைப் பொறுத்தவரை நீண்ட விவாதம் தேவையில்லை. வீட்டுக்குள்ளேயே துணி துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம், உடற்பயிற்சிக் கூடம், பொட்டலங்களை வாங்கி வைக்க வாயிலில் ஓர் ஊழியர் என எல்லாவற்றிலும் புதிய கட்டடமே மேல். அறைகளின் அளவிலும் சுவர்களின் கனத்திலும் பழைய கட்டடம் மேல். முன்பணம் இரண்டிலும் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. தரகரை அமர்த்தியவரே தரகுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்னும் நகரச் சட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதிலும் வேறுபாடு இல்லை.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது முதல் மாத வாடகை அன்று, லீஸ் எனப்படும் வாடகை ஒப்பந்தம் முடியும் நாளில் நடப்பது. ஸ்டெபிலைஸ்டு வீட்டில் லீஸைப் புதுப்பித்துப் பெறுவது குடியிருப்பவரின் சட்ட உரிமை. லீஸ் முடிவதற்கு 150 முதல் 90 நாட்களுக்குள் உரிமையாளர் புதுப்பிப்புப் படிவத்தை அனுப்பியாக வேண்டும். ஓராண்டா, ஈராண்டா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் குடியிருப்பவர். அதற்கு அவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. வாடகை எவ்வளவு ஏறும் என்பதை மேயர் நியமிக்கும் ஒன்பது உறுப்பினர் வாடகை வழிகாட்டு வாரியம் முடிவு செய்கிறது. 2025 அக்டோபர் முதல் தொடங்கும் லீஸ்களுக்கு அது ஓராண்டுக்கு 3 சதவீதமும் ஈராண்டுக்கு 4.5 சதவீதமும் நிர்ணயித்தது.

இதன் பயன் ஆண்டுகள் செல்லச் செல்லத்தான் தெரியும். 2014 அக்டோபரில் மாதம் 2,000 டாலருக்கு ஒரு ஸ்டெபிலைஸ்டு வீட்டில் குடியேறி, ஒவ்வோர் ஆண்டும் ஓராண்டு லீஸாகவே புதுப்பித்து வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2015-லும் 2016-லும் உயர்வே இல்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் 1.25, 1.5, 1.5 சதவீதம், கொரோனா ஆண்டான 2020-இல் மீண்டும் சுழியம், 2021-இல் முதல் ஆறு மாதங்கள் உயர்வின்றி, பின் 1.5, அதன் பிறகு 3.25, 3, 2.75, 3. இவற்றைப் பெருக்கிப் பார்த்தால் 2025 அக்டோபரில் அவருடைய வாடகை ஏறத்தாழ 2,383 டாலர். அதே 2,000 டாலர் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால் 3,400 டாலரைத் தாண்டியிருக்கும். கட்டடம் முழுமைக்குமான பெரிய சீரமைப்புகளுக்காக, மாநில அரசின் ஒப்புதலுடன், உரிமையாளர் ஆண்டுக்கு 2 சதவீதம் வரை கூடுதலாகச் சேர்க்கலாம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் இடைவெளி பெரியதே.

சந்தை வாடகை வீட்டிலோ, வாடகையை 5 சதவீதமோ அதற்கு மேலோ உயர்த்துவதென்றாலும் லீஸைப் புதுப்பிக்க மறுப்பதென்றாலும், நீங்கள் குடியிருந்த காலத்தைப் பொறுத்து 30, 60 அல்லது 90 நாட்களுக்கு முன் அறிவித்தால் போதும். 2024 ஏப்ரலில் வந்த ‘குட் காஸ்’ சட்டம் இந்நிலையைக் கொஞ்சம் மாற்றியது. ஆண்டுக்கு 10 சதவீதம், அல்லது பணவீக்கத்துடன் 5 சதவீதம், இவ்விரண்டில் குறைவான அளவைத் தாண்டும் உயர்வு நியாயமற்றது என்று குடியிருப்பவர் நீதிமன்றத்தில் வாதிட அது வழி செய்கிறது. ஆனால் 2009 ஜனவரி 1 முதல், குடியிருக்கத் தகுந்தது என்ற சான்று பெற்ற கட்டடங்களுக்கு அச்சட்டத்திலிருந்து 30 ஆண்டுகள் விலக்கு உண்டு. ஆகவே நாங்கள் பார்த்த வகைப் புதிய கட்டடத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை.

விளம்பரத்தில் காட்டும் வாடகையையும் கவனியுங்கள். மாதம் 3,600 டாலர் வாடகையில் ஓராண்டுக்கு ஒரு மாதம் இலவசம் என்றால், 3,300 என்றுதான் விளம்பரம் வரும். அடுத்த ஆண்டின் உயர்வு 3,600-லிருந்து கணக்கிடப்படும். இலவச மாதம் மீண்டும் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஸ்டெபிலைஸ்டு வீட்டில், சட்டப்படி வாங்கக்கூடிய வாடகையைவிடக் குறைவான சலுகை வாடகைக்கு நீங்கள் குடியேறினால், 2019-இல் வந்த வாடகைச் சட்டத்துக்குப் பின், நீங்கள் அங்கே இருக்கும்வரை உயர்வு அந்தக் குறைந்த தொகையின் மீதே கணக்கிடப்படும்.

பழைய கட்டடத்தின் பராமரிப்புதான் பலரும் எழுப்பும் எதிர்வாதம். அது நியாயமானதே. நீராவிக் குழாய்கள் இரவில் சத்தமிடும், லிஃப்ட் அடிக்கடி நிற்கும், குளிர்காலத் தொடக்கத்தில் வெப்பம் சரியாக வருவதில்லை. எங்கள் கட்டடத்திலும் இவை உண்டு. ஆனால் இங்கும் புதுப்பிக்கும் உரிமைதான் கைகொடுக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியும், இரவில் வெளியே எவ்வளவு இருந்தாலும் 62 டிகிரியும் இருக்க வேண்டும் என்பது எல்லா வாடகை வீடுகளுக்கும் பொதுவான விதி. இல்லையெனில் நகர நிர்வாகத்தின் புகார் எண்ணான 311-ஐ அழைக்கலாம். புகார் செய்ததற்காகப் பழிவாங்கக்கூடாது என்பதும் பொதுவான சட்டமே. எனினும் சந்தை வாடகை வீட்டில் இருப்பவர், அடுத்த லீஸ் என்னவாகுமோ என்ற தயக்கத்தோடுதான் தொலைபேசியை எடுக்கிறார். எங்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. மேலும், குறைந்துபோன வசதிகளுக்காக மாநில வீட்டுவசதித் துறையிடம் மனு செய்து வென்றால், வாடகை முந்தைய உயர்வுக்கு முன்பிருந்த அளவுக்குக் குறைக்கப்படும். பழுது சரிசெய்யப்படும்வரை உயர்வும் கிடையாது.

ஸ்டெபிலைஸ்டு வீடு எல்லோருக்கும் பொருந்தாது. அது உங்கள் முதன்மை வசிப்பிடமாக இருந்தாக வேண்டும். ஆண்டில் பாதிக்கு மேல் வெளியே இருந்தால் உரிமையாளர் கேள்வி எழுப்பலாம். வயதான பெற்றோரைக் கவனிக்க நீண்ட நாட்கள் ஊருக்குச் செல்லும் நம்மவர்களுக்கு இது நடைமுறைச் சிக்கல். உரிமையாளரின் அனுமதியோடு, நான்கு ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் வரை உள்வாடகைக்கு விட இடமுண்டு என்பது ஓரளவு ஆறுதல். ஓரிரு ஆண்டுகளில் வேறு நகரத்துக்கு மாற்றல் வரும் என்று தெரிந்தவருக்கு மேலே சொன்ன கணக்கால் பெரிய பயன் இல்லை; அவர் புதிய கட்டடத்தின் வசதிகளை அனுபவிப்பதே சரி. கிடைப்பதும் எளிதன்று: 2023 கணக்கெடுப்பில் நகரின் மொத்த வாடகை வீடுகளில் 1.41 சதவீதமே காலியாக இருந்தன.

புதிய கட்டடங்கள் எல்லாமே சந்தை வாடகை என்றும் கொள்ள வேண்டாம். 421-ஏ என்னும் வரிச்சலுகை பெற்ற பல கட்டடங்களில் வீடுகள் சலுகைக் காலம் முழுதும் ஸ்டெபிலைஸ்டாக இருக்கின்றன. அத்தகைய வீட்டில் நான் வாழ்ந்ததில்லை என்பதால் உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் லீஸின் இணைப்பில் சலுகை முடியும் தேதி குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் அதன் பிறகு பாதுகாப்பும் முடிந்துவிடலாம்.

எந்த ஸ்டெபிலைஸ்டு வீட்டை எடுத்தாலும், குடியேறியவுடன் மாநில வீட்டுவசதித் துறையிடம் அந்த வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டணம் இல்லை, தபாலில் வீட்டுக்கே வரும். உரிமையாளர் ஆண்டுதோறும் பதிவு செய்த வாடகை அதில் வரிசையாக இருக்கும். காரணமின்றி ஓராண்டில் மட்டும் வாடகை தாவியிருந்தால், அதே துறையில் கூடுதல் வசூல் மனு கொடுக்கலாம். ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிய தொகையைக் கோர முடியும். தெரிந்தே வசூலித்தது என்று உறுதியானால் மும்மடங்காகத் திருப்பித் தர உத்தரவிடவும் சட்டத்தில் இடம் உண்டு.