ஓஹையோ தியேட்டர்: படத்துக்கு ஓர் இருக்கை, கச்சேரிக்கு வேறோர் இருக்கை

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகர மையத்தில், 39 கிழக்கு ஸ்டேட் தெருவில் இருக்கும் ஓஹையோ தியேட்டருக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான். சினிமாவானாலும் சிம்பொனியானாலும் "நடுவில், முடிந்தவரை முன்னால்" என்று டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 2,800 பேர் உட்காரும் அரங்கம் இது. வெள்ளித்திரை தொங்கும்போது அது ஒரு அரங்கம், திரை மேலேறி மேடை திறந்துவிட்டால் வேறொரு அரங்கம். பல ஆண்டுகள் தொடர்ந்து போய்வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நிகழ்ச்சியின் வகையை, அதற்குப் பிறகுதான் இருக்கையை.

கட்டடத்தின் கதை சுருக்கமாக. தாமஸ் லாம்ப் வடிவமைத்து, லோவ்ஸ் என்ற திரையரங்கு நிறுவனம் 1928 மார்ச் 17 அன்று திறந்த திரையரங்கு. திறப்பு விழாவில் ஓடிய கிரெட்டா கார்போ படத்தில் இன்று ஒரு துண்டு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அரங்கம் முழுசாக நிற்கிறது. ஆனால் அதுவும் போயிருக்க வேண்டியதுதான். 1969 பிப்ரவரியில் மூடினார்கள், இடித்துவிட்டு அலுவலகக் கோபுரம் எழுப்புவதாகத் திட்டம். ஊர் மக்கள் கூடி, சுருக்கமாகக் 'கேப்பா' எனப்படும் நிகழ்த்துகலைச் சங்கத்தை அமைத்து, நன்கொடை திரட்டிக் கட்டடத்தை வாங்கினார்கள். பிறகு பகுதி பகுதியாகச் சீரமைத்தார்கள். 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. 1984இல் பக்கத்தில் கால்பிரெத் பெவிலியன் என்ற புதுக் கூடம் சேர்ந்தது. இடைவேளையில் நெரிசல் இல்லாமல் நிற்க இடம் கிடைப்பது அதனால்தான்.

இந்த அரங்கின் உயிர் ஆர்கன், குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய விசைப்பலகை வாத்தியம். ராபர்ட் மார்ட்டன் நிறுவனம் செய்தது, நான்கு விசைவரிசை, இருபது குழாய்த் தொகுதி. 1928இலிருந்து இதே அரங்கில் இருக்கிறது. கோடைகாலத் திரைப்பட வரிசையில் படத்துக்கு முன்பும் இடைவேளையிலும் வாசிப்பார்கள். வாசிப்பவர் அமரும் மேசை மேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்திலிருந்து லிஃப்டில் எழுந்து வரும், பிறகு கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரிவது அந்த மேசை மட்டும்தான். ஒலி வருவது மேடையின் இருபுறமும் சுவருக்குள் மறைந்திருக்கும் அறைகளிலிருந்து. அந்த அறைகளின் முன்னால் ஜன்னல் பலகைகள் போலத் திறந்து மூடும் அடைப்புகள் உண்டு. காலால் மிதித்துப் பலகைகளைத் திறந்தால் ஒலி பெருகும், மூடினால் அடங்கும். குழாயின் காற்றழுத்தத்தை மாற்றி ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, சுருதி ஓடிவிடும். ஆகவே ஏற்ற இறக்கம் அத்தனையும் அந்தப் பலகைகளின் வேலை.

திரையரங்கு ஆர்கன்களில் 16 அடி நீளக் குழாய்கள் இருக்கும். அந்த அளவுள்ள திறந்த குழாயின் அடிச்சுரம் வினாடிக்கு ஏறத்தாழ 33 அதிர்வு. காதில் கேட்பதை விட நாற்காலியின் கைப்பிடியில் அதை நன்றாக உணரலாம். டமாரம், மணி, சைலஃபோன் போன்ற ஒலிகளும் பதிவு செய்தவை அல்ல. நிஜ வாத்தியங்களைக் காற்று விசையால் தட்டுகிறார்கள்.

சில நாள் ஆர்கனில் சுருதி லேசாக உரசும். காரணம் வெயில். புல்லாங்குழல் போல ஊதும் குழாய்கள் அறை சூடேறினால் சுருதி ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு அரைச்சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு. பித்தளை நாக்கு வைத்த குழாய்கள் அந்த அளவுக்கு நகராது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்றோடொன்று இழையாது. எந்த ஊர்த் திரையரங்கு ஆர்கனுக்கும் பொதுவான இன்னொரு கோளாறு, விரலை எடுத்த பிறகும் ஒரு சுரம் விடாமல் கத்திக்கொண்டிருப்பது. ஆர்மோனியத்தில் கட்டை அடியில் சிக்கிக்கொண்டால் வருமே, அதே இழவுதான். இங்கே குழாயடியில் இருக்கும் தோல் வால்வில் தூசி பட்டாலே போதும். வாசிப்பவர் சட்டென்று அந்தக் குழாய்த் தொகுதியை விலக்கிவிட்டு மேலே போவார், கவனித்துக் கேட்டால் பிடிபடும்.

இனி இருக்கை. டிக்கெட் வரைபடத்தில் 'ஆர்கெஸ்ட்ரா' என்று போட்டிருப்பது தரைத்தளத்தை, வாத்தியக் குழுவை அல்ல. அதற்கு மேலே லோஜ், அதற்கும் மேலே பால்கனி.

கோடைகாலப் படங்களுக்கு இருக்கை எண் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலிடம். மாலைக் காட்சி பெரும்பாலும் 7.30, மதியக் காட்சி 2 மணி. அரைமணி முன்னால் போனால் ஆர்கனும் கேட்கும், நல்ல இடமும் கிடைக்கும். தரைத்தளத்தில் முன்பாதியின் பின்வரிசைகள், நடுப்பாதைக்கு அருகில், எங்கள் பரிந்துரை. 1953க்கு முந்தைய படமென்றால் பெரும்பாலும் திரையில் உருவம் சதுரத்தை நெருங்கிய அளவில்தான் இருக்கும், அகலம் குறைவு. அப்படிப்பட்ட படத்துக்கு இன்னும் நாலைந்து வரிசை முன்னால் போகலாம். அகலத்திரைப் படத்துக்குப் பின்னால் வாருங்கள். பால்கனி ஆழமாக நீண்டு கிடப்பதால் தரைத்தளத்தின் கடைசி வரிசைகள் அதன் கீழே ஒளிந்துவிடும். வசனம் அங்கேயும் தெளிவாக வரும், ஏனென்றால் ஒலிபெருக்கிகள் திரைப்பக்கத்திலிருந்து நேராக வீசுகின்றன. ஆனால் ஆர்கன் அங்கே பாதிதான். உத்தரத்தில் தொங்கும் 21 அடி உயர, இரண்டரை டன் சரவிளக்கும் கண்ணில் படாது. அதைப் பார்க்காமல் திரும்பினால் வந்ததே வீண்.

மௌனப் படம் போடும் நாளை மட்டும் தவறவிடாதீர்கள். கிளார்க் வில்சன் போன்ற ஆர்கன் கலைஞர்கள் படம் முழுக்கத் தனியாளாக வாசிப்பார்கள். மௌனப் படங்களில் எல்லாமே ஒரே வேகத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. வினாடிக்கு 16 சட்டகத்திலிருந்து 24 வரை போகும். ஓட்டும் வேகம் மாறினால் காட்சியின் நீளமும் மாறும், இசையும் அதற்கேற்ப நீள வேண்டும். அன்று தரைத்தளத்தில் பால்கனியின் விளிம்புக்கு வெளியே இருங்கள், அல்லது லோஜின் முதல் வரிசைகள். அடுத்தடுத்த இருக்கைகளுக்கே ஒலி மாறும் அளவுக்குக் குழாய்கள் இரண்டு பக்கமும் பிரிந்திருப்பதால், ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கத்து அறை மட்டுமே உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

சிம்பொனிக்குக் கணக்கே வேறு. கொலம்பஸ் சிம்பொனியின் பருவம் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தம் வரை ஓடும். பாலேமெட் குழுவின் டிசம்பர் பாலேயும் இங்கேதான். தரைத்தளத்தின் முதல் ஆறேழு வரிசைகளில் வயலின்காரர்களின் காலணி தெரியும், அவர்களுக்குப் பின்னால் இருக்கும் கிளாரினெட், ஓபோ தெரியாது. ஒலியும் அப்படியே, தந்திகள் மட்டும் முகத்தில் அடிக்கும். லோஜின் முன்வரிசை அல்லது பால்கனியின் முதல் சில வரிசைகளில்தான் வாத்தியங்கள் கலந்து வரும். விலையும் பல சமயம் தரைத்தளத்தை விடக் குறைவு. பாலேக்கும் மாடிதான். நடனத்தின் வடிவங்கள் மேலிருந்தே தெரியும், குழந்தைகளுக்கும் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது.

படம் ஓட, கீழே முழு ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசிக்கும் நிகழ்ச்சி ஒரு தனி ரகம். வாத்தியக்குழு மேடையை அடைத்துக்கொள்வதால் திரையைத் தூக்கிக் கட்டுவார்கள், முன்வரிசையில் கழுத்து வலிக்கும். நடத்துநர் தன் முன்னால் இருக்கும் சிறுதிரையில் ஓடும் நேரக்குறிகளைப் பார்த்தே கைவீசுகிறார். இசை நிரம்பும் இடங்களில் வசனம் மூழ்கும், அதனால்தான் எழுத்தும் போடுகிறார்கள். எழுத்து படிக்க வசதியான தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒலிபெருக்கி வைத்துப் பாடும் கச்சேரிகளில் பால்கனியின் கடைசி வரிசைகள் வேண்டாம். சுண்ணச் சிற்பமும் வளைவுமாக இருக்கும் கூடம் பியானோவுக்கும் தந்திக்கும் வரம், டிரம்ஸுக்கு அல்ல. தாளம் எதிரொலியோடு குழம்பும்.

டிக்கெட்டை அரங்கின் சொந்தத் தளமான சிபஸ்ஆர்ட்ஸிலோ அரங்கின் கவுன்டரிலோ மட்டும் வாங்குங்கள். இணையத்தில் தேடினால் மேலே வந்து நிற்பவை பல மறுவிற்பனைத் தளங்கள், அதே இருக்கைக்கு அதிகக் காசு. இன்னொன்று, டிக்கெட்டில் அரங்கின் பெயரைப் படியுங்கள். பேலஸ், சதர்ன் ஆகிய அரங்குகளிலும் இதே சங்கம் நிகழ்ச்சி நடத்துகிறது. பேலஸையும் வரைந்தவர் லாம்ப்தான், படத்தில் பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் நடக்கும் தூரத்தில் இருந்தாலும், கடைசி ஐந்து நிமிடத்தில் தவறான வாசலில் நிற்பது பெரிய தொல்லை. குளிர்சாதனம் நன்றாக வேலை செய்யும், ஜூலையிலும் ஒரு சால்வை அல்லது முழுக்கைச் சட்டை எடுத்துப்போங்கள்.

வண்டியை நிறுத்த, அரங்குக்கு எதிரே ஸ்டேட்ஹவுஸ் (மாநிலச் சட்டமன்றக் கட்டடம்) சதுக்கத்தின் அடியில் இருக்கும் நிலத்தடி நிறுத்தம் போதும், மழையிலும் நடை குறைவு. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடுவதால் கால்மணி நேரம் நெருக்கும். அந்தக் கால்மணியை உள்ளேயே செலவிடுங்கள். விளக்கு முழுதாக எரிய, கூட்டம் கலைந்த பின் நடுப்பாதையில் நின்று அண்ணாந்து பார்த்தால் சிவப்பும் பொன்னுமாகச் சுவர் முழுவதும் தெரியும், யாரும் விரட்ட மாட்டார்கள். பேருந்தில் வருகிறவர்கள் ஹை தெரு நிறுத்தத்திலிருந்து கிழக்கே சிறிது நடந்தால் போதும். கடைசி வண்டி நேரத்தை மட்டும் உள்ளே போகும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.