ஆறு வருடமாக என் மேஜையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர்கள்

2019இல் முதன்முதலாக ஒரு லேப்டாப்பைப் பிரிக்க உட்கார்ந்தபோது என்னிடம் இருந்தது, முப்பத்திரண்டு முனை கொண்ட மலிவான செட். அடிமூடி சுலபமாகவே கழன்றது. ஆனால் ஹிஞ்ச் (திரை மடங்கும் கீல்) ஸ்க்ரூக்களில், தானாகக் கழலாமலிருக்க நீலப் பசை தடவியிருந்தார்கள். இரண்டாவது திருகிலேயே வழுக்கியது. எடுத்துப் பார்த்தால் முனையின் நான்கு விளிம்பும் கயிறு போல முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறி இருந்த இடத்தில் வெறும் வட்டக் குழி. சால்டரிங் அயர்னை அந்தத் தலைமேல் வைத்துச் சூடேற்றி, பசை இளகிய பிறகு குறுக்கே கோடு கீறி, தட்டை டிரைவரால் எடுப்பதற்குள் ராத்திரி ஒரு மணி.

மறுவாரமே ஜெர்மன் கம்பெனியான வீஹாவின் டிரைவர்கள் மூன்றை மட்டும் தனித்தனியாக வாங்கினேன்: பிஎச்00, பிஎச்0 (இரண்டும் பிலிப்ஸ் எனும் கூட்டல் குறி முனை, அளவுதான் வேறு), டார்க்ஸ் டி5. அந்த செட்டைவிடப் பல மடங்கு விலை. ஆனால் என் வேலையில் பெரும்பகுதி இந்த மூன்றிலேயே முடிந்துவிடுகிறது. கடையில் கேட்கும்போது கவனம் வேண்டும். நம் ஊரில் 'ஸ்டார்' என்றால் கூட்டல் குறி முனையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆறு முனை நட்சத்திரம் வேண்டுமென்றால் டார்க்ஸ் என்றே சொல்லுங்கள்.

நல்ல டிரைவரின் பெருமை முனையில்தான். நான் பார்ப்பது இப்படி: காந்தத்தை நம்பாமல், முனையை ஸ்க்ரூவில் செருகி லேசாக ஆட்டுவேன். லொடலொட என்று ஆடினால் ஒன்று அளவு தப்பு, அல்லது முனை சரியாகக் கடையப்படவில்லை. அடுத்தது, பிடியின் உச்சியில் தனியாகச் சுழலும் மூடி. ஆள்காட்டி விரலால் அதை அழுத்திக்கொண்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடியைத் திருப்ப வேண்டும். முக்கால் பங்கு அழுத்தம், கால் பங்கு திருகல். முனை மேலெழும்பாமல் இருக்க இந்த அழுத்தம்தான் காரணம்.

பழைய ஜப்பான் கேமராக்களுக்கு மட்டும் ஜேஐஎஸ் முனை, அதாவது ஜப்பான் தர அளவிலான கூட்டல் குறி முனை, தனியாக வேண்டும். தலையில் சிறு புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் ஸ்க்ரூ. சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராமல் எகிறும். இதற்காக ஜப்பான் கம்பெனியான வெசலின் டிரைவர் ஒன்று வைத்திருக்கிறேன். பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் அது நன்றாகவே பிடிக்கிறது.

ஐபோனுக்கு வேறு கதை. அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவுக்கு ஐந்து இதழ் கொண்ட பி2 முனை. ஐபோன் 7 முதல் வந்தவற்றில் உள்ளே ஒய்000 எனும் மூன்று கிளை முனையும் தேவைப்படும். அரிதாகத் தொடும் இவற்றுக்கு 4 மி.மீ. பிட் செட் (ஒரே பிடியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் முனைகள்) போதும். எஸ்2 ஸ்டீல் (கருவிகளுக்கான கடினமான எஃகு) என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வருடத்தில் பிஎச்00 முனை மட்டும் லேசாக மழுங்கியிருக்கிறது. போன மாதம் புதிது வாங்கிவிட்டேன். பழையதை மகளிடம் கொடுத்தேன், பொம்மைகளின் பேட்டரி மூடியைத் திறக்க.