மூன்று டம்ளர், ஒரே கோக்

கண்ணாடி பாட்டில் கோக்தான் ருசி, மற்றதெல்லாம் சும்மா என்று பல வருஷமாகச் சொல்லித் திரிந்தவன் நான். போன வாரம் என் மகள் அதற்கு ஒரு முடிவு கட்டினாள். கண்ணாடி பாட்டில், கேன், சின்ன பிளாஸ்டிக் பாட்டில் மூன்றையும் ராத்திரி முழுக்க ஒரே ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் மூன்று டம்ளரில் ஊற்றி, "இப்ப சொல்லுங்கப்பா, எது எது?" என்றாள்.

கண்ணாடி என்று அடித்துச் சொன்னது கேன். கேன் என்றது கண்ணாடி. பிளாஸ்டிக்கை மட்டும் சரியாகப் பிடித்தேன், அதுவும் ருசியால் அல்ல, கேஸால். சுருக்கென்று நாக்கைக் குத்த வேண்டியது, சர்க்கரைத் தண்ணீராக வழுக்கிக்கொண்டு போனது. கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். அலமாரியில் மாசக்கணக்கில் மறந்து போட்டது நான்தான். பெட் (PET) என்கிற இந்த பாட்டில் பிளாஸ்டிக் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு, அதாவது அந்த கேஸ், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பாட்டில் சிறுக்கச் சிறுக்க உள்ளே இருப்பதைவிடச் சுவரின் பங்கு கூடும், கேஸும் சீக்கிரம் போகும். சின்ன பாட்டில் வாங்குகிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்.

ஆனால் அந்த பாட்டில் லேசுப்பட்டதல்ல. கவிழ்த்துப் பாருங்கள், அடியில் ஐந்து கால் இருக்கும். அடி தட்டையாக இருந்தால் உள்ளழுத்தத்தில் உப்பி, நிற்காமல் சாய்ந்துவிடும். பெட் பாட்டிலுக்கு 1973-ல் காப்புரிமை வாங்கிய நத்தேனியல் வைத், ஓவியர் ஆண்ட்ரூ வைத்தின் அண்ணன். வீட்டில் ஒருவர் தூரிகை, ஒருவர் பாட்டில்!

கண்ணாடி பாட்டில் மூடியின் பற்களை எண்ணினேன், 21. பாட்டிலின் இடுப்பு வளைவு 1915-ல் வந்தது. இருட்டில் தடவினாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதுதான் அன்று கேட்கப்பட்டது. கையில் எடுத்தால் இன்றும் அது புரியும்.

லேபிளின் பொடி எழுத்தையும் படியுங்கள். கோகோ கோலா கம்பெனி பெரும்பாலும் அடர்சாற்றைத்தான் அனுப்புகிறது. தண்ணீர், இனிப்பு, கேஸ் சேர்த்து அடைத்து லாரி ஏற்றுவது பாட்டிலிங் கம்பெனி. கோகோ கோலா ஃபெம்சா, கோகோ கோலா எச்பிசி என்று தனித்தனியாகப் பல நாடுகளில் அடைக்கிறார்கள். 1899-ல் தாமஸ், வைட்ஹெட் என்ற இரண்டு வக்கீல்கள் அமெரிக்காவின் பெரும்பகுதியில் பாட்டிலில் அடைக்கும் உரிமையை ஒரே ஒரு டாலருக்கு வாங்கினார்கள். சோடாக் கடை சரக்கு பாட்டிலில் போய் எங்கே விற்கும் என்று அன்று கம்பெனி அதன் அருமை தெரியாமல் கொடுத்திருக்க வேண்டும். இனிப்பும் ஊருக்கு ஊர் மாறும்: ஓரிடத்தில் சர்க்கரை, அமெரிக்காவில் பெரும்பாலும் மக்காச்சோளச் சிரப். வெளியூர் கோக் வேறு மாதிரி இருக்கிறது என்பவர்கள் கதை விடவில்லை.

என் கேனில் 330 மில்லிக்கு 35 கிராம் சர்க்கரை. அதனால் இனி வாரத்துக்கு ஒன்று, அதுவும் கேன்.

"டம்ளரில் ஊத்தாம நேரா குடிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்" என்றேன் மகளிடம்.

"பாட்டிலைப் பார்த்தா யாரும்தான் கண்டுபிடிப்பாங்க" என்று மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.