முந்திரி ஆலைகளின் மனிதவளத் துறை: நாகர்கோவிலிலா, ஆலையிலேயா?

மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் ஆகிய ஊர்களில் ஆலைகளையும் நாகர்கோவிலில் தலைமை அலுவலகத்தையும் கொண்ட ஒரு நடுத்தர முந்திரி நிறுவனம், தன் வணிகத் திட்டத்துக்கு ஏற்ப மனிதவளத் துறையைத் திருத்தியமைக்க முற்பட்டால் அதன் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்தில் குவிப்பது, ஆலைக்கு ஓர் அலுவலரை அமர்த்துவது, சம்பளப் பட்டியல் முதலியவற்றை வெளியாரிடம் விடுவது.

குவிப்பதன் ஆதாயம் வெளிப்படையானது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளி ஊதியத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்துவது எந்த ஆலையிலும் ஒன்றுதான்; பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. இரண்டையும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதும் ஒன்றுதான். இதற்கு மூன்று இடங்களில் மூன்று எழுத்தர்கள் தேவையில்லை.

ஆனால் முந்திரியில் லாபம் நிற்பது தோலுரிக்கும் கையில். டபிள்யூ 180 என்னும் தரத்தில் ஒரு பவுண்டுக்கு 170 முதல் 180 முழுப் பருப்புகள் இருக்கும். அதே பருப்பு உடைந்துவிட்டால் விலை இறங்கிவிடும். உரிப்பதற்கு முன் பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மாவில் சூடு சரியாக ஏறாத நாளில் தோல் எளிதில் கழலாது; உரிக்கும் பெண்ணுக்கு உரித்த பருப்பின் எடையும் குறையும், எடைக்கேற்ற கூலியும் குறையும். நாகர்கோவிலுக்கு வரும் தாளில் இது அந்தப் பெண்ணின் உற்பத்திக் குறைவாக மட்டுமே பதிவாகும். ஆலையில் இருப்பவருக்கோ குறை போர்மாவில் என்பது மதியத்துக்குள் தெரிந்துவிடும். தேர்ந்த கைகள் அடுத்த அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு)ப் போய்விடாமல் காப்பதே இங்கு வணிகத் திட்டம் என்பதால், இரண்டாவது வழியே எனக்கு மேலானதாகப் படுகிறது.

வெளியாரிடம் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளச் சீட்டு பிழையின்றி வரும். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்கேனும் பங்களிப்பு இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் கிடைக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கும் முந்திரிக் கொட்டை வந்துசேரத் தாமதமாகி ஆலை மூடிக்கிடந்தால் அந்த நாட்கள் குறையும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படாத வேலை. ஆகவே கொள்முதல் கூட்டத்தில் மனிதவளத் துறைக்கு ஓர் இருக்கை வேண்டும். துறையை எப்படிப் பிரித்தாலும் இது இல்லையெனில் மற்றவை பெயர்ப்பலகை மாற்றமே.

1997இல் அமெரிக்கப் பேராசிரியர் டேவ் உல்ரிச் முன்வைத்த கருத்துகளிலிருந்து வளர்ந்த மனிதவளத் துறை அமைப்பில் அன்றாடக் கணக்குகளைப் பார்க்கும் பொதுச்சேவை மையம், நிபுணர் மையம், வணிகத்தோடு அமரும் பங்காளர் என மூன்று கால்கள் உண்டு. சில நூறு தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு நிபுணர் மையம் வீண் செலவு. மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், அதாவது பிடித்தக் கணக்குகள் நாகர்கோவிலில், ஆள் ஆலையில்.

அந்த அலுவலர் அன்றாட வேலையில் ஆலை மேலாளருக்குக் கட்டுப்பட்டாலும், அவருடைய ஊதிய உயர்வைத் தலைமை அலுவலகமே முடிவு செய்ய வேண்டும்; இல்லையேல் மேலாளரின் எடுபிடியாகிவிடுவார். (இரண்டு மேலதிகாரிகள் என்ற எரிச்சல் இதில் இருக்கத்தான் செய்யும்.) புதிதாகப் படித்து வந்தவரைவிட, தரம் பிரிக்கும் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அமர்த்துவது நல்லது. மூவருக்குச் சம்பளம் கொடுக்க இயலாவிட்டால், மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் சேர்த்து ஒருவர், குலசேகரத்துக்கு ஒருவர் என்று தொடங்கலாம்.