கல்யாண வீட்டுக்கு ஒரு பாட்டு, கண்ணீருக்கு ஒரு பாட்டு: எட்டா ஜேம்ஸின் ‘அட் லாஸ்ட்!’ இசைத்தட்டு

முப்பத்தோரு வருடமாக மைக் செட் தொழில் செய்கிறேன். கல்யாண வீட்டில் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற மிதப்பு இருந்தது. போன தை மாதம் ஒரு வரவேற்பில் அது இறங்கியது. பெண்ணின் அண்ணன் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, மோதிரம் மாற்றும்போது எட்டா ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் ‘அட் லாஸ்ட்’ (‘ஒருவழியாக’) என்ற ஆங்கிலப் பாட்டைப் போடச் சொன்னார். போட்டேன். நல்ல கைதட்டல். நான் பந்தியில் உட்கார்ந்துவிட்டதால் அடுத்த பாட்டும் தானாக ஓடியது. அதே குரல், அதே வயலின்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் மகள் பொருள் சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டாவது பாட்டில், தான் காதலித்தவன் இன்னொருத்திக்கு மோதிரம் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் ஒருத்தி. தேவாலய மணி அடிக்கிறது. கல்யாணம் முடிந்து மணமக்கள் தலையில் அரிசி தூவுகிறார்கள். நம் அட்சதையேதான், மஞ்சள் மட்டும் இல்லை. அவளால் அழத்தான் முடிகிறது. ‘ஆல் ஐ குட் டூ வாஸ் க்ரை’ என்று தலைப்பே அதுதான்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த ஆள் யார் என்ற ஆத்திரத்தில்தான் இசைத்தட்டை வாங்கினேன். 2,800 ரூபாய். முதலில் வந்தது பொரித்த அப்பளம் போல வளைந்திருந்தது. முள் ஏறி இறங்க, வயலின் ஒவ்வொன்றும் படகில் உட்கார்ந்து வாசிப்பதுபோல ஆடியது. அனுப்பியவரோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டி மாற்றினேன். இரண்டாவது தட்டு சமமாக இருக்கிறது. அப்பா காலத்துப் பிளேயரில் புது முள் போட்டுக் கேட்கிறேன்.

1960இல் வந்த தொகுப்பு இது. அப்போது எட்டா ஜேம்ஸுக்கு 22 வயது. லாஸ் ஏஞ்சல்ஸில் சிறுமியாக தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகிய குரல். வெளியிட்டது சிகாகோவின் செஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்கோ. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டை மடி வாட்டர்ஸும் ஹவ்லிங் வுல்ஃபும் மின்சார கிட்டாரோடு உறுமிய அதே செஸ்தான். அங்கே ரைலி ஹாம்ப்டன் என்ற இசை அமைப்பாளர் வயலின் கூட்டத்தை உட்கார வைத்துவிட்டார். ‘அட் லாஸ்ட்’டும் ப்ளூஸ் வீட்டுப் பிள்ளை இல்லை. 1941இல் மேக் கார்டன் எழுதி ஹாரி வாரன் மெட்டமைத்த சினிமாப் பாட்டு. க்ளென் மில்லரின் நடன இசைக் குழு வாசித்தது. இது ப்ளூஸே அல்ல, பாயசம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாயசம்தான். ஆனால் அதற்குள் ஒரு மிளகாய் கிடக்கிறது.

அந்த மிளகாய் எங்கே என்று சொல்கிறேன். ‘அட் லாஸ்ட்’டின் தொடக்கத்தில் வயலின்கள் சுருண்டு மேலே போய் நிற்கின்றன. எட்டா ஜேம்ஸ் முதல் சொல்லை அவசரமே இல்லாமல் இழுக்கிறார். வரி முடிகிற இடத்தில் குரலில் ஒரு கரகரப்பு, பட்டுப்புடவை ஆணியில் மாட்டி இழுபடுவதுபோல. இத்தனை நாள் காத்திருந்தவளின் களைப்பும் சந்தோஷத்தோடு சேர்ந்து வருகிறது. பாட்டு முடிந்து, அடுத்ததற்கு முன்னால் முள் இரண்டொரு விநாடி வெறும் பள்ளத்தில் ஓடுகிறது. பிறகு அந்த இன்னொரு கல்யாணம். அங்கே முதலில் அடக்கமாக, நடந்ததைச் சொல்லும் குரலில்தான் ஆரம்பிக்கிறார். அழுகை என்ற சொல்லுக்கு வரும்போது தொண்டை கிழிகிறது. அதே கரகரப்புதான். அங்கே நிம்மதியாகக் கேட்டது இங்கே ஓலமாகக் கேட்கிறது. வரிசை வைத்த ஆள் மேல் இருந்த ஆத்திரம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

மற்றவற்றில் ‘எ சண்டே கைண்ட் ஆஃப் லவ்’ நிதானமான பாட்டு. சனிக்கிழமை ராத்திரியோடு கரைந்துபோகாத காதல் வேண்டும் என்கிறது. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் வில்லி டிக்சன் எழுதி, 1954இல் மடி வாட்டர்ஸ் பாடிய, ஆசையை ஒளிக்காமல் சொல்கிற பாட்டு ஒன்று இருக்கிறது. மாமியார் இருக்கும் வீட்டில் ஒலியைக் குறைத்துக் கேளுங்கள். ‘டஃப் மேரி’ எனக்குப் பிடிக்கவில்லை. துக்க வீட்டில் பலூன் விற்க வந்தவன்போல இருக்கிறது. கடைசிப் பாட்டும் சுமார்தான்.

பத்துப் பாட்டும் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. அதற்கு இந்த விலை அதிகம். பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் கைபேசியிலேயே கேட்கலாம். நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

மாசியில் இன்னொரு வரவேற்புக்கு அதே பாட்டைக் கேட்டார்கள். போட்டுவிட்டு, பந்திக்குப் போகாமல் பொத்தானில் விரலை வைத்தபடி நின்றேன்.