வீட்டில் தங்கிய இரண்டு போர்த்துகீசிய விருந்தினர்: தொழில்முறைப் பரிமாற்றத் திட்டம் பற்றி என் அனுபவம்

2024 பிப்ரவரியில் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் ஐந்து நாள் இரண்டு போர்த்துகீசியப் பெண்கள் தங்கினார்கள். ஒருவர் லிஸ்பனில் பழைய சுவர் ஓடுகளைச் சீரமைப்பவர். இன்னொருவர் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ். எங்கள் பக்கத்துச் சேவைச் சங்கம் ஒன்றின் பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்கள். ரோட்டரி 1965-இல் தொடங்கிய குழு ஆய்வுப் பரிமாற்றம் தெரிந்தவர்களுக்கு இந்த முறை புரியும்: வேலையில் இருப்பவர்கள் வெளிநாடு போய், ஓட்டலில் இல்லாமல் வீடுகளில் தங்கி, தங்கள் தொழில் அங்கே எப்படி நடக்கிறது என்று பார்ப்பது. நமக்குப் பணம் எதுவும் தரமாட்டார்கள். சாப்பாடும் படுக்கையும் நம் பொறுப்பு.

வீட்டில் ஓர் அறை சும்மா இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் சி படிவம் (அவர்கள் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம்) பதிய வேண்டும் என்ற அப்போதைய விதியை, அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்குத்தான் சங்கத்தார் சொன்னார்கள். அதற்கு நம் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல் வேண்டும். ராத்திரி பதினோரு மணி வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதைவிடப் பெரிய தப்பு, நர்ஸ் பெண்ணுக்கு நண்டும் இறாலும் ஆகாது என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் ராத்திரி நண்டு ரசம் வைத்திருந்தேன். பரிமாறும் முன் என் மாமியார் வழக்கம்போல "எல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டதால் தப்பித்தோம். இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். முதல் இரண்டு நாளும் பொன்னாடை, மாலை, பாராட்டுக் கூட்டம் என்றே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் வெள்ளைப் பணியாரத்தை வைத்துவிட்டு, "இன்னைக்கு எந்தக் கூட்டமும் வேணாம்" என்று சங்கத்துக்குப் போன் போட்டேன். அவர்களும் மறுக்கவில்லை, பாவம்.

அன்றைக்குத் தரைக் கல் (தரை ஓடு) செய்யும் ஆத்தங்குடி போனோம். லிஸ்பனில் ஓடுகளுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறதாம். அந்த ஓடுகள் பளபளப்புப் பூசிச் சூளையில் சுட்டவை. இங்கே சூளையே இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டுக் கரணையால் சமன் செய்கிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கண்ணாடி பிரிந்து வரும்போது கல்லில் அதன் மினுமினுப்பு ஏறியிருக்கும். ஓடு சீரமைக்கும் பெண், கல் போடும் பெரியவரின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கரண்டியை வாங்கி ஊற்றிப் பார்த்தாள். நாலு கல் கெட்டது. அஞ்சாவது நின்றது. "ஆச்சி, இவங்களுக்குக் கை இருக்கு" என்றார் அந்தப் பெரியவர்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எங்கள் முகப்புச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள். என் மாமனாரின் அப்பச்சி (அப்பா) கட்டிய வீடு இது. இடுப்பளவுக்குப் பூப்போட்ட ஓடு பதித்திருக்கும். விழுந்துபோன ஒன்று சாமான் அறையில் கிடந்தது. எடுத்துவந்து கொடுத்தேன். ஈரத்துணியால் பின்பக்கத்தைத் துடைத்துக் காட்டினாள்: ஜப்பான் என்று ஆங்கிலத்தில் அச்சு. முப்பத்தொரு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒருநாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. கொத்தனார் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அவள் வேண்டவே வேண்டாம் என்றாள். சுண்ணாம்புச் சுவரை விடச் சிமெண்ட் கடினம். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் பூச்சு விடாது, ஓடுதான் உடையும். ஈரமும் உள்ளேயே தங்கிவிடும். மறுநாள் கொத்தனாரும் அவளும் சேர்ந்து சுண்ணாம்பு குழைத்து அதை ஒட்டினார்கள். ஒருவருக்கு ஒருவர் பாஷை தெரியாது, இரண்டு மணி நேரம் வேலை நடந்தது.

நர்ஸ் பெண்ணுக்குச் சங்கம் செய்த ஏற்பாடு மிக நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியரோடு போக முறையாக அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவள் ஊரில் செய்யும் அதே வேலை. ஒரு வீட்டில் படுக்கைப்புண் வராமலிருக்க மகள் தன் அப்பாவின் முதுகுக்குக் கீழே வாழையிலை விரித்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி வெகுநேரம் அதைப் பற்றியே என் மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த குழுவுக்கும் அறை கேட்டிருக்கிறார்கள். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உணவு விவரமும் பாஸ்போர்ட் நகலும் பத்து நாள் முன்பே வேண்டும், இரண்டு நாள் முழுசாக அவர்கள் தொழிலுக்கென்று விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன்.