காருக்கு அடியில் எண்ணெய்க் கறையா? கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்

ஒரு ஆயில் லீக்குக்கு 22,500 ரூபாய் கொடுத்தேன். கடைசியில் அதைச் சரிசெய்தது 1,400 ரூபாய் வேலை. வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன். புகார் இன்னும் முடியாததால் ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. நடந்தது திருச்சியில்.

என்னுடையது பெட்ரோல் கார், பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்பாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அதுதான் துணை. ஒரு நாள் காலையில் போர்ட்டிகோவில் உள்ளங்கை அளவு கறுப்புக் கறை. தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. என்ஜின் ஆயில்தான் என்பதில் சந்தேகமில்லை.

பெரிய போர்டு, உட்கார ஏசி அறை எல்லாம் இருக்கிற ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றினார்கள். சூப்பர்வைசர் டார்ச் அடித்து என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தைக் காட்டினார். நசநசவென்று ஈரம். "சார், ரியர் ஆயில் சீல் போயிடுச்சு. கியர்பாக்ஸை இறக்கினாத்தான் சீலை மாத்த முடியும். இறக்கறதே இறக்கறோம், கிளட்ச் செட்டையும் போட்டுருங்க, இல்லேன்னா ஆறு மாசத்துல மறுபடி இதே கூலி ஆகும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்த சீல் நிஜமாகவே போயிருந்தால் அவர் சொன்னது சரியான யோசனையும்கூட. என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில், ஃபிளைவீல் என்கிற கனமான சக்கரத்துக்கு உள்பக்கம், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற சீல் அது. பாகத்தின் விலை குறைவு, அதைத் தொடுவதற்கான கூலிதான் அதிகம். அதனால்தான் இந்த ஒரு பெயரை வைத்துப் பெரிய பில் போட முடிகிறது.

கார் ஐந்து நாள் அங்கே நின்றது. அப்பாவை ஆட்டோவில் அழைத்துப் போனேன். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

பில் இப்படி வந்தது: சீல் 950, கிளட்ச் செட் 7,800, கியர் ஆயில் 1,150, என்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 2,600, கூலி 6,500. மொத்தம் 19,000. பழைய கிளட்ச் பிளேட்டைக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். அங்கேயே நான் நின்று கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றும் இருந்தது. புது கிளட்ச் போட்டால் பெடலில் கார் நகரத் தொடங்கும் இடம் பொதுவாகக் கொஞ்சம் மாறும். என் காரில் எதுவுமே மாறவில்லை. வண்டி கிடைத்த அவசரத்தில் அதை விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் அதே இடத்தில் அதே கறை. திரும்பப் போனேன். இந்த முறை "சம்ப் பேக்கிங்" என்றார்கள், அதாவது என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியின் கசிவைத் தடுக்கிற பட்டை. 3,500 வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சொட்டு. மேட்டில் ஏறி நிறுத்தினால் எண்ணெய் கருகும் வாடை வேறு. மூன்றாவது முறை போனபோது என்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டும், 25,000 ஆகும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அலுவலக நண்பர் ஒருவர் ஒரு பாயிடம் அனுப்பினார். தகரக் கொட்டகை, இரண்டு பையன்கள், லிஃப்ட் கிடையாது. பாய் காருக்கு அடியில் போகவே இல்லை. பானெட்டைத் திறந்து, என்ஜினின் பின்பக்கம் உள்ளே கையை விட்டுத் தடவி, விரலைக் காட்டினார். முழுக்க எண்ணெய். "தம்பி, எண்ணெய் மேலேருந்துதான் கீழே வரும். அடியில எங்க சொட்டுதுன்னு பாக்காதே. மேலே எந்த இடத்துல முதல்ல நனைஞ்சிருக்குன்னு பாரு" என்றார்.

அப்புறம் செய்து காட்டினார். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்து ஆறிய என்ஜினை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். காற்றடித்து நன்றாகக் காயவைத்தார். சந்தேகப்பட்ட இடமெல்லாம் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவினார். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் என்ஜினின் உச்சியில் இருக்கிற மூடியான டேப்பட் கவரின் பின் விளிம்பிலிருந்து வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு. அது என்ஜினின் முதுகில் வழிந்து, நேராகக் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய் நின்றது. சூப்பர்வைசர் டார்ச் அடித்துக் காட்டிய அதே இடம். வழியில் கொஞ்சம் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்ததால்தான் அந்தக் கருகல் வாடை. தீப்பிடிக்கக்கூடிய விஷயம், தள்ளிப்போடாதே என்றார் பாய்.

டேப்பட் கவர் பேக்கிங் ரப்பர். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது, கையில் வளைத்ததும் படக்கென்று உடைந்தது. பிசிவி வால்வும் அடைத்திருந்தது. என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கிற சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பேக்கிங் பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளும். இதைப் பார்க்காமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினாலும் சீக்கிரமே மறுபடி ஒழுகலாம். பேக்கிங் 480, வால்வு 320, கூலி 600. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இதுவரை நடந்ததைத் தவறான கணிப்பு என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததுதான் என்னை உலுக்கியது. கியர்பாக்ஸ் இறக்கிய விஷயத்தைச் சொன்னதும் பாய் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் கொடுத்து, அடியில் போய்ப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். கியர்பாக்ஸ் போல்ட்டுகளில் பல வருடச் சேறும் எண்ணெயும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தது. ஒன்றின் மேல்கூட ஸ்பேனர் பட்ட அடையாளம் இல்லை. கியர் ஆயில் ட்ரெயின் போல்ட்டும் அப்படியே. முன்சக்கர டிரைவ் வண்டியில் ஆக்ஸிலைக் கழற்றாமல் கியர்பாக்ஸ் இறங்காது, அதுவும் தொட்டபாடில்லை. இறக்கவே இல்லை. சீலும் மாற்றவில்லை, கிளட்ச்சும் போடவில்லை. ஐந்து நாள் வண்டியைச் சும்மா நிறுத்திவைத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வண்டிக்குக் கீழே கறை தெரிந்தால், ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் ராத்திரி ஒரு பெரிய அட்டையை அடியில் விரித்துவையுங்கள், எந்தச் சக்கரம் எங்கே நின்றது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நிறமும் இடமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஏசி ஓட்டியபின் விழும் நிறமில்லாத தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயம் கலந்து பிசுபிசுவென்று இருந்தால் கூலன்ட். அதைத் தரையில் விடாதீர்கள், இனிப்பாக இருக்கும், விஷம், நாயும் பூனையும் நக்கும். கியர் ஆயில் கெட்டியாக, அழுகிய முட்டை மாதிரி நாறும். சக்கரத்துக்குப் பக்கத்தில் இளமஞ்சளாக, தண்ணீர்போல் இளகி வழுக்கினால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் கழுவிக் காயவைத்து, எங்கிருந்து வழிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். இறக்கிய பிறகு போன் பண்ணுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். பழைய பாகம் எனக்கு வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் (என்ன வேலை என்று அவர்கள் எழுதும் தாள்) எழுதி வாங்குங்கள்.

போட்டோவோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலாளி முதலில் சத்தம் போட்டார். போல்ட் படத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது, "பையன் தப்புப் பண்ணிட்டான்" என்று 5,000 ரூபாயை நீட்டினார். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். அந்த 19,000 ரூபாய் பில்லில் ஒர்க்‌ஷாப் முத்திரை இருக்கிறது, கிளட்ச் செட் என்று அவர்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது. பாயும் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.